உதவி தேவை: கடலூரில் தெருவாசிகள் சேர்ந்து போடும் காய்கறித் தோட்டம், மானிய விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது

மஞ்சக்குப்பத்து வாசி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று விட்ட 40 சென்ட் இடம் ஒன்று இருக்கிறது. மனை போட்டபோதே உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று தெருவில் பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆனால் இத்தனை வருஷத்தில் அங்கே வளர்ந்தது சீமைக்கருவேலமும் குப்பை மேடும்தான்.

2024 ஃபெஞ்சல் வெள்ளத்தில் ஒரு வாரம் காய்கறிக்கே திண்டாடினோம். அதற்கப்புறம்தான் 34 குடும்பங்கள் சேர்ந்து அந்த இடத்தைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தோம். இப்போது முக்கால்வாசி வெட்டவெளி. எல்லோரும் பாத்தி பிரித்துக் காய்கறி போடலாம், மிஞ்சினால் அங்கன்வாடிக்குக் கொடுக்கலாம் என்பது யோசனை. கையில் சேர்ந்திருப்பது 1,10,000 ரூபாய்.

தெரிந்த கான்ட்ராக்டர் போட்டுக் கொடுத்த கணக்கு இது: சுற்றுவேலி 525 அடிக்கு 2.60 லட்சம், போர் போட்டு மோட்டார் வைக்க 1.40 லட்சம், சாமான் வைக்க ஒரு கொட்டகை 80,000, மேட்டுப்பாத்தி 60,000, சொட்டுநீர் 60,000. ஆக 6 லட்சம்.

இதை வைத்து ஓர் அலுவலகத்தில் மானியம் கேட்டோம். சிட்டா, அடங்கல் (நிலம் யாருடையது, என்ன பயிர் என்று காட்டும் காகிதங்கள்), சிறு குறு விவசாயி சான்று மூன்றும் வேண்டும் என்று மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எங்களில் யாருக்கும் நிலம் கிடையாது. நகரத்தில் பொதுத் தோட்டம் போட அரசுப் பணமே கிடையாதா? எங்கே தப்பு செய்தோம்?

வெள்ளிக்கடற்கரை

எம்.எல்.ஏ.விடம் போய் நேரே மனு கொடுங்கள் அக்கா. தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி இருக்கிறது. மற்ற இடமெல்லாம் அலைச்சல்தான்.

பழைய ஓவர்சியர்

அம்மா, உங்கள் மேல் தப்பில்லை. கதவுதான் மாறிவிட்டது. அவர்கள் கேட்டது சொட்டுநீர் மானியத்துக்கான காகிதம், அந்த மானியம் விவசாயிக்கானது. சிறு குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்ற விவசாயிகளுக்கு 75 சதவீதம். இரண்டுக்குமே நிலப் பதிவேடு வேண்டும். உங்கள் இடம் உள்ளாட்சிக்குச் சொந்தமென்றால் உங்கள் பெயரில் சிட்டா எந்தக் காலத்திலும் வராது.

வேறு மாவட்டத்தில் உள்ளாட்சிப் பொறியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். 'நகர்ப்புறப் பொதுத் தோட்டம்' என்று பெயர் போட்ட ஒரே மானியத்தைத் தேடாதீர்கள். உங்கள் 6 லட்சத்தை இரண்டாகப் பிரியுங்கள். வேலி, போர், கொட்டகை மூன்றும் அந்த இடத்தோடு நிற்கிற சொத்து. அது 4.80 லட்சம். பாத்தி, விதை, சொட்டுநீர் எல்லாம் சாகுபடிச் செலவு. சொத்துக்குப் பணம் கொடுக்கிற திட்டம் சாகுபடிக்குக் கொடுக்காது. இரண்டையும் ஒரே மனுவில் கலந்ததால்தான் யாரும் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்கள்.

சொத்துப் பகுதிக்கு 'நமக்கு நாமே' திட்டத்தைக் கேளுங்கள். 1997-இல் வந்தது, 2021-22-இல் மறுபடி உயிர் கொடுத்தார்கள். பொதுமக்கள் பங்கு பொதுவாக மூன்றில் ஒன்று, மீதி அரசு. 4.80 லட்சத்துக்கு உங்கள் பங்கு 1.60 லட்சம். கையில் 1.10 இருக்கிறது, 50,000 குறைகிறது. அதற்குத் தெருவில் மறுபடி வசூலுக்குப் போக வேண்டாம். வேலியில் பாதிக்கு உயிர்வேலி வையுங்கள். கிளுவைப் போத்தும் நொச்சியும் கேட்டால் யாரும் சும்மாவே கொடுப்பார்கள். ரோட்டுப் பக்கம் மட்டும் கம்பிவேலி போதும். வேலிச் செலவில் 1.30 லட்சம் குறைந்தால் மொத்தம் 3.50 லட்சம், உங்கள் பங்கு சுமார் 1.17 லட்சம். கிட்டத்தட்ட வந்துவிட்டீர்கள்.

கான்ட்ராக்டர் எழுதிய காகிதம் உங்கள் கணக்குக்கு மட்டும்தான் உதவும். மாநகராட்சிப் பொறியாளர் இடத்தைப் பார்த்து, அரசு விலைப்பட்டியல்படி போடும் மதிப்பீடுதான் செல்லும். தொகை மாறும், தயாராக இருங்கள்.

வெள்ளிக்கடற்கரை தம்பி சொன்னதும் வழிதான், ஆனால் தொகுதி நிதியிலும் நிலையான பொதுச் சொத்துதான் கட்ட முடியும். விதைக்கும் ஆள் கூலிக்கும் அதில் இடமில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. அந்த 40 சென்ட் யார் பெயரில் இருக்கிறது என்று காகிதத்தில் பாருங்கள். நகர நில அளவைப் பதிவேட்டு நகல் எடுங்கள். 'பெரியவர்கள் சொன்னார்கள்' என்பதை வைத்து ஒரு ரூபாய்கூட இறக்காதீர்கள்.

மஞ்சக்குப்பத்து வாசி

ஐயா, இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை, ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம். பூங்காவுக்கு விட்ட இடத்தில் காய்கறி போட விடுவார்களா? சங்கம் பதிவு செய்தே ஆக வேண்டுமா?

பழைய ஓவர்சியர்

பூங்கா ஒதுக்கீட்டு இடத்தில் எப்போதும் எதிர்ப்பு வரும், வர வேண்டியதும்தான். அந்த இடங்களை யாரும் வளைத்துப் போடக்கூடாது. அதனால் மனுவில் 'எங்கள் தோட்டம்' என்று எழுதாதீர்கள். 'காய்கறிப் பாத்திகளுடன் கூடிய பூங்கா, பொதுமக்கள் எல்லோருக்கும் திறந்திருக்கும்' என்று எழுதுங்கள், அப்படியே நடத்தவும் செய்யுங்கள். நடைபாதையும் இரண்டு பெஞ்சும் இருக்கட்டும். விளைச்சலை விற்காதீர்கள். விற்றால் அது பூங்கா இல்லை என்று யாராவது மனு போட்டால் பதில் சொல்ல முடியாது. அங்கன்வாடி யோசனை அருமை, அதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

சங்கம் பதிவு செய்வது நல்லது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி 7 பேர் போதும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் செய்யலாம். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு இருந்தால்தான் நாளைக்கு எந்த நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியையும் கேட்க முடியும். அப்புறம் வார்டு கவுன்சிலரிடம் சொல்லி, ஏரியா சபைக் கூட்டத்தில் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் கூட்டம்) இதை ஒரு கோரிக்கையாகப் பதிய வையுங்கள். தெருவே கேட்கிறது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

பாலூர்ப் பக்கம்

பணத்தைப் பற்றியே பேசுகிறோம், மண்ணைப் பார்த்தீர்களா அக்கா? குப்பை கொட்டிய இடம் என்கிறீர்கள். பல இடத்தில் 'வி' மாதிரி வெட்டி, ஓரத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு மண் சுரண்டி, கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ எடுத்து மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுங்கள். அங்கே சாதாரணமாகப் பார்ப்பது உப்பு, கார அமில நிலை, சத்துக்கள். ஈயம், காட்மியம் அதில் வராது, அதைத் தனியாகக் கேட்டுச் செய்ய வேண்டும். பேட்டரி, பெயின்ட் டப்பா, எரித்த சாம்பல் கிடந்த இடமென்றால் கட்டாயம் செய்யுங்கள். குழந்தைகள் சாப்பிடப் போகிறார்கள்.

முடிவு வரும்வரை அந்த மூலையில் கீரையும் கிழங்கும் வேண்டாம். உலோகத்தை அதிகம் உறிஞ்சுவது அவைதான். வெளியிலிருந்து செம்மண் கொண்டுவந்து மேட்டுப்பாத்தி போட்டு வெண்டை, கத்தரி, புடலை வையுங்கள். கத்தரிக்குப் பாலூர் ஆராய்ச்சி நிலையத்து ரகமே இருக்கிறது, நம்ம ஊர் மண்ணுக்கு வந்த செடி. மக்கிய உரத்துக்கு மாநகராட்சி நுண்ணுர மையத்தில் கேளுங்கள்.

போர் போடுவதற்கு முன் பக்கத்து வீட்டுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கடல் பக்கம் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருந்தால் 1.40 லட்சமும் வீண். அப்போது மழைநீர்த் தொட்டிதான் வழி.

லாஸ்பேட்டை மாடித்தோட்டம்

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு வேளாண் துறையும் விதிகளும் தனி, அதனால் ஓவர்சியர் ஐயா சொன்ன திட்டங்கள் இங்கே பொருந்தாது. ஆனால் பட்ட பாடு ஒன்றுதான். பல மானியம் பின்னேற்பு: முதலில் நீங்கள் செலவு செய்து, பில் காட்டி, ஆய்வு முடிந்த பிறகுதான் பணம் வரும். எங்கள் குழுவில் இது தெரியாமல் மூன்று பேர் கைக்காசு போட்டு எட்டு மாதம் காத்திருந்தார்கள். மனு கொடுக்கும்போதே 'பணம் முன்னாலா, பின்னாலா' என்று கேட்டுவிடுங்கள். இன்னொன்று, மார்ச்சில் அனுமதி வந்தால் அந்த மாதமே செலவைக் காட்டச் சொல்வார்கள். ஒவ்வொரு பில்லும் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும்.

சாகுபடிச் செலவுக்கு, தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுக்கும் மாடித்தோட்டத் தளையை ('கிட்') வீட்டுக்கு ஒன்றாகக் கேட்கலாம். பை, தென்னைநார்க் கழிவு, விதை, உயிர் உரம், வேப்பெண்ணெய் எல்லாம் அதில் வரும். அதற்குச் சிட்டா வேண்டாம்.

மஞ்சக்குப்பத்து வாசி

மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன். நில அளவைப் பதிவேட்டு நகல் எடுத்தோம். அதில் இன்னும் மனை போட்டவர் பெயர்தான் இருக்கிறது! தெருவே உடைந்துபோய்விட்டது. அவர் இப்போது உயிரோடு இல்லை. இதோடு முடிந்ததா?

பழைய ஓவர்சியர்

முடியவில்லை அம்மா, இது அடிக்கடி நடப்பதுதான். பத்திரம் பதிவாகியிருக்கும், பதிவேட்டில் பெயர் மாற்ற யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். பதிவுத் துறை இணையதளத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. தானப் பத்திரம் தெரிந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கி, மனைப்பிரிவு வரைபடத்தோடு சேர்த்து ஆணையருக்கு மனு கொடுங்கள். பெயர் மாற்றம் கேட்க வேண்டியது மாநகராட்சி, நீங்கள் நினைவூட்டினால் போதும். அதுவரை வேலி, போர் எதிலும் கை வைக்க வேண்டாம்.

மஞ்சக்குப்பத்து வாசி

ஐயா, கிடைத்துவிட்டது! 2003-ஆம் வருஷப் பத்திரம், பூங்காவுக்கு என்று தெளிவாக எழுதியிருக்கிறது. நகலோடு மனு கொடுத்து ரசீதும் வாங்கிவிட்டோம். சங்கத்துக்கு ஏழு பேர் கையெழுத்து ஆயிற்று. மண் மாதிரி நாளைக் காலை எடுக்கிறோம், குப்பை மூலையைத் தனிப் பையில். பக்கத்து வீட்டுப் போர் தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பு என்று ஆய்வகத்தில் சொன்னார்கள். அதனால் போரை எடுத்துவிட்டு மழைநீர்த் தொட்டிக்கு மதிப்பீடு கேட்கப் போகிறோம்.