ஷாம்பு பார், நீள முடி, ஒரு மூடி வினிகர்: இந்த வீடியோ சொல்றது சரியா?

வெண்மணி:
நாலு நாளா எல்லா குடும்ப வாட்ஸ்அப் குழுவிலயும் ஒரு வீடியோ சுத்துது. அதுல ஒரு அம்மா சொல்றாங்க: "பாட்டில் ஷாம்புவ விட்டு ஷாம்பு பாருக்கு மாறினா முதல் நாலு வாரம் முடி பிசுபிசுன்னு மெழுகு மாதிரி இருக்கும். பழைய ஷாம்புவோட நச்சு வெளியேறுது, பயப்படாதீங்க. கடைசி அலசல் தண்ணியில ஒரு மூடி வினிகர் ஊத்துங்க, சரியாப் போயிடும்."

முடி செத்த பொருள். அதுல இருந்து நச்சு எதுவும் வெளியேறாது. அந்த மெழுகு, சோப்பும் தண்ணியில இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து உண்டாகிற கரையாத படலம். பக்கெட் ஓரத்துல வெள்ளையா ஒட்டுதே, அதே சமாச்சாரம்தான். நாலு வாரம் பொறுத்தா குறையாது, ஒவ்வொரு குளியலுக்கும் கூடும். நீள முடின்னா நுனிக்குப் பக்கத்துலதான் அதிகம் சேரும், சீப்புப் பல்லுல சாம்பல் நிறத்துல ஒட்டிட்டு வரும்.

இப்ப அந்த ஒரு மூடி வினிகர். போர் தண்ணியோட காரத்தன்மை, அதாவது அமிலத்தை முறிக்கிற சக்தி, லிட்டருக்கு 300 மில்லிகிராம்னு வச்சுக்கோங்க. ஒரு லிட்டர்ல அத முறிக்க மட்டும் 6 மில்லிமோல் (வேதியியல்ல பொருளோட அளவை எண்ணுற அலகு) அமிலம் வேணும். கடை வினிகர் 4 சதவீதம். ஒரு மூடி 5 மில்லின்னா அதுல இருக்கிறது 3.3 மில்லிமோல். தண்ணியே அத்தனையும் குடிச்சிடும், முடிக்கு ஒண்ணும் போய்ச் சேராது. இதத்தான் ஆயிரக்கணக்கான பேருக்கு வைத்தியம்னு சொல்லிட்டு இருக்காங்க.

சோப்புப்பட்டறை:
வந்துட்டாங்க கால்குலேட்டரைத் தூக்கிட்டு. மேடம், வினிகர் பாட்டில் மூடிய எப்பவாவது அளந்து பாத்திருக்கீங்களா? 5 மில்லி இருமல் மருந்து மூடி. வினிகர் பாட்டில் மூடி 10 மில்லி பிடிக்கும். அடிப்படைக் கணக்கே தப்பு.

கையால பண்ற ஷாம்பு பாரைப் பத்தித் தெரியாம பேசாதீங்க. 100 கிராம் எண்ணெய்க்கு 2 கிராம் சிட்ரிக் அமிலம் போட்டு, அது தின்னுடுற காஸ்டிக் சோடாவுக்கு ஈடா 1.25 கிராம் கூட சேர்த்தா, பாருக்குள்ளயே சோடியம் சிட்ரேட் உருவாகும். அது கால்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கும். விளக்கெண்ணெய் 10லிருந்து 15 சதவீதம், சோப்பாகாம மிஞ்சுற எண்ணெய் 3 சதவீதத்துக்கு மேல விடாம, ஆறு வாரம் காய வச்ச பார். அதுக்கப்புறம் ஒரு மூடி வினிகர். முடி பட்டு மாதிரி இருக்கும். வேணும்னா இன்பாக்ஸ்ல வாங்க.

நெறியாளர்:
விற்பனை வரி வேண்டாம். அடுத்த தடவை பதிவையே எடுத்துடுவேன்.

கோமதி_கோடம்பாக்கம்:
சண்டைக்கு நடுவுல கேக்குறேன், மன்னிக்கணும். இடுப்பு வரைக்கும் முடி. பாரை நேரா முடியில தேய்க்கணுமா, கையில நுரை எடுத்துப் போடணுமா? நேராத் தேய்ச்சா சிக்கு விழுமேன்னு பயம்.

வெண்மணி:
கோமதிக்கா, நேரா நீள முடியில தேய்க்காதீங்க. காஞ்ச முடியில, நுனியில ஆரம்பிச்சு மேல போற மாதிரி, அகலப் பல் சீப்பால சிக்கு எடுத்துட்டு அப்புறம் நனைங்க. ரெண்டு நிமிஷமாவது தண்ணி ஓடட்டும், பாதி நனைஞ்ச முடியில பார் இழுபடும். வகிடு எடுத்து தலைய நாலஞ்சு பாகமாப் பிரிச்சு, வகிட்டுல தெரியிற தோல்ல மட்டும் பாரை முன்நெத்தியில இருந்து பிடரிப் பக்கமா மூணு நாலு இழுப்பு. முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. பாரைக் கீழ வச்சுட்டு விரல் நுனியால தேய்ங்க. முடிய உச்சியில குவிச்சுக் கசக்கவே கூடாது, சிக்கு விழுறது அங்கதான். தொங்கிட்டு இருக்கிற முடிக்கு, அலசும்போது வழியிற நுரையே போதும். காதுக்குக் கீழ கண்டிஷனர்.

எல்லாரும் பண்ற தப்பு அளவு. பாட்டில் ஷாம்புல முக்கால்வாசிக்கு மேல தண்ணி. பார்ல நுரைக்கிற சரக்குதான் பாதிக்கு மேல. பாட்டில் பழக்கத்துல தேய்ச்சா முடி வைக்கோல் ஆகும். குளிச்சு முடிஞ்சதும் பாரைத் துளை வச்ச பெட்டியில நிமித்தி வைங்க. நாலாக வெட்டி ஒரு துண்டை மட்டும் குளியலறையில வச்சுக்கிட்டா, நம்ம ஊர் புழுக்கத்துக்கு மிச்சம் மூணும் கூழாகாது.

பட்டறைக்காரருக்கு: சரி, 10 மில்லின்னே வச்சுப்போம். 6.7 மில்லிமோல். தண்ணிக்கு 6 போனா மிச்சம் 0.7. பிஎச் (புளிப்பா காரமான்னு காட்டுற எண், 7க்குக் கீழ புளிப்பு) 5.7 பக்கம் நிக்கும். அவ்வளவுதான் உங்க ஒரு மூடி.

சோப்புப்பட்டறை:
தலைத்தோலோட பிஎச் 5.5. உங்க கணக்குப்படியே 5.7 வந்துடுச்சு. அப்புறம் என்ன? ஒரு மூடி போதும்னு நீங்களே நிரூபிச்சிட்டீங்க. 10 மில்லி மூடி.

அரப்புத்தூள்:
ஏனுங்க, இதுக்கு இத்தனை அக்கப்போரா? அரப்பு இலைய நிழல்ல காய வச்சு அரைச்சு, வடிகஞ்சியில குழைச்சுத் தேய்ச்சாப் போச்சு. அரப்புலயும் சீயக்காயிலயும் நுரைக்கிறது சப்போனின். அது உப்புத்தண்ணியில திரியாதுங்க. வினிகரும் வேண்டாம், மூடியும் வேண்டாம். எண்ணெய் தேய்ச்ச அன்னைக்கு மட்டும் தூள் கொஞ்சம் கூடப் போட்டு ரெண்டு தரம் தேய்க்கோணும்.

வெண்மணி:
சப்போனின் கால்சியத்தோட திரியாதுங்கிறது உண்மை. ஆனா நல்லா சலிக்காத பொடி இடுப்பு வரைக்கும் இருக்கிற முடியில மாட்டினா எடுக்கிறது பெரும்பாடு. ரெண்டு தரம் மெல்லிய துணியில வடிகட்டணும். இங்க பேச்சு பார் பத்தி, பார்ல ஊத்துற வினிகர் பத்தி.

அரப்புத்தூள்:
சலிக்கத் தெரியாதவங்க கையில குடுத்தா எதுவும் மாட்டுமுங்க. மாவு ஜல்லடையில சலிச்சாப் போதும். போன மாசம் செம்பருத்தி பத்தின விவாத இழையிலயும் "கொழகொழப்பு தங்கும், வடிகட்டு"ன்னு இதையேதான் சொன்னீங்க. எங்க ஊர்ச் சரக்கு எதுவா இருந்தாலும் அம்மணிக்கு வடிகட்டியே ஆகோணும்.

நடுவுநிலை:
ஒரு கேள்வி. ரெண்டு பேரும் ஒரே பாரைப் பத்தித்தான் பேசுறீங்களா? ஒண்ணு எண்ணெயும் காஸ்டிக்கும் சேர்ந்த சோப்பு, பிஎச் 9, 10. இன்னொண்ணு சோடியம் கோகாயில் ஐசெதியோனேட் மாதிரி சோப்பு இல்லாத நுரைக்கிற சரக்குல அழுத்தின பார், பிஎச் 5.5 பக்கம், அதுக்கு இந்தப் படலப் பிரச்சினையே கிடையாது. உறையில சோடியம் பாமேட், சோடியம் கோகோவேட்னு முதல் ரெண்டு பேர் இருந்தா அது சோப்பு. உறை இல்லைன்னா, ஒரு கண்ணாடி பாட்டில்ல பாதி போர் தண்ணி பிடிச்சு, பட்டாணி அளவு சீவிப் போட்டுக் குலுக்குங்க. தண்ணி பால் மாதிரி கலங்கி, வெள்ளைத் திப்பி மேல மிதந்து, நுரை படுத்துட்டா சோப்பு. திப்பி இல்லாம நுரை கழுத்து வரைக்கும் நின்னா மத்தது. இத முடிவு பண்ணிட்டு வினிகருக்கு வருவோமே?

சோப்புப்பட்டறை:
10 மில்லி மூடி. அதுக்கு இன்னும் பதில் வரல.

வெண்மணி:
பதில் சொல்லியாச்சு, படிக்கத்தான் ஆள் இல்ல. பிஎச் இறங்கினா முடியோட செதில் படியும், கைக்கு வழவழன்னு இருக்கும். அந்த வழவழப்பப் பாத்துட்டுதான் படலம் போயிடுச்சுன்னு நம்புறீங்க. போகல. கால்சியம் சோப்புல அமிலம் பட்டா கால்சியம் கழண்டு தண்ணியில போகும், கொழுப்பு அமிலம் முடியிலயே தங்கும். அது தண்ணியில கரையாது, மெழுகுதான். ஒரு மூடி இல்ல, ஒரு பாட்டில் ஊத்தினாலும் கரையாது. அத எடுக்க ஈடிடிஏ (கால்சியத்தைப் பிடிச்சு இழுக்கிற ரசாயனம்) போட்ட ஷாம்பு ஒரு தடவை போட்டுத்தான் ஆகணும்.

யாழ்_கிணறு:
இஞ்ச யாழ்ப்பாணத்தில தண்ணி சுண்ணாம்புப் பாறைக்குள்ளால வாறது. கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியும். சோப்பு பார் போட்டு முழுகினா நீங்கள் சொல்லுற பிசுக்கு உடன வரும், நாலு கிழமை தேவையில்லை. வினிகரை விடுங்கோ. ஒரு நல்ல தேசிக்காய் (எலுமிச்சை) சாறு 25 மில்லி வரும், அதில சிட்ரிக் அமிலம் ஒரு கிராமுக்கு மேல இருக்கு. அது காரத்தையும் முறிக்கும், கல்சியத்தையும் பிடிக்கும். வடிச்சுப் போட்டு, ஒரு லீட்டர் தண்ணியில கலந்து, முடியின்ர நீளத்துக்கு மட்டும் ஊத்தி, ரெண்டு நிமிசத்தில நல்லா அலசோணும். சாறு தோலில கிடக்க வெயிலுக்குள்ள போனா தோல் கறுத்துக் கொப்பளிக்கும், கவனம்.

சோப்புப்பட்டறை:
பாருங்க, யாழ்ப்பாணத்து நண்பரும் அமில அலசல் வேணும்னுதான் சொல்றார். நான் சொன்னதேதான்.

யாழ்_கிணறு:
நான் வினிகரை விடச் சொல்லித்தான் எழுதினனான். என்ர பேரை உங்கட மூடிக்குள்ள போடாதேங்கோ.

டிடிஎஸ்_தியாகு:
எங்க அப்பார்ட்மென்ட் போர் தண்ணி டிடிஎஸ் 1100. இந்தத் தண்ணிக்கு எத்தனை மூடி?

வெண்மணி:
டிடிஎஸ் மீட்டர் கடினத்தன்மைய, அதாவது கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவுன்னு, காட்டாது சார். சாதா உப்பு, கால்சியம், எல்லாத்தையும் சேர்த்து ஒரே எண்ணாத்தான் காட்டும். கடலோரத்துல 1100ல பெரும்பங்கு சாதா உப்பா இருக்கலாம், சோப்புக்கு அவ்வளவு தொல்லை கிடையாது. உள்நாட்டுல 600 டிடிஎஸ்லயே சோப்பு திரியலாம். குடிதண்ணிக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 கூட ரெண்டையும் தனித்தனியாத்தான் வச்சிருக்கு: லிட்டருக்கு மில்லிகிராம் கணக்குல டிடிஎஸ் 500, கடினத்தன்மை 200. வேற வழியே இல்லைன்னா 2000, 600 வரைக்கும்.

டிடிஎஸ்_தியாகு:
மீட்டர் காசு கொடுத்து வாங்கினது. ஆர்ஓ மெஷின் போட வர்ற மெக்கானிக்கெல்லாம் டிடிஎஸ்தான் பாக்குறாங்க. அவங்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?

வெண்மணி:
அவங்க பாக்குறது மெஷினுக்குள்ள உப்பை வடிகட்டுற மெம்பரேன் வேலை செய்யுதான்னு. உள்ள போற தண்ணி, வெளிய வர்ற தண்ணி, ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சாப் போதும், அதுக்கு டிடிஎஸ் சரி. கடினத்தன்மைக்கு சொட்டு மருந்து கிட் இருக்கு. தண்ணியில பஃபர் (பிஎச்சை நிலையா வைக்கிற கரைசல்), அப்புறம் எரியோகுரோம் பிளாக் டிங்கிற நிறங்காட்டி, ஒயின் சிவப்பாகும். ஈடிடிஏவ சொட்டுச் சொட்டா விட்டு, நீலமா மாறுற வரைக்கும் எண்ணுங்க. ஒரு சொட்டுக்கு எத்தனை மில்லிகிராம்னு கிட்லயே போட்டிருக்கும். காரத்தன்மைக்குத் தனி கிட், மீன்தொட்டிக் கடையில கேஎச் கிட்னு கேட்டாத் தருவாங்க. அந்த ரெண்டாவது எண் தெரியாம ஒரு மூடியா மூணு மூடியான்னு யாராலயும் சொல்ல முடியாது. சொல்றவங்க ஊகத்துல சொல்றாங்க.

நுனிவெடிப்பு:
அப்ப பேக்கிங் சோடா கரைச்சு முதல்ல அலசிட்டு அப்புறம் வினிகர் ஊத்தலாமா? இன்னொரு வீடியோவுல சொன்னாங்க.

வெண்மணி:
வேண்டவே வேண்டாம்மா. பேக்கிங் சோடா தண்ணி பிஎச் 8க்கு மேல, முடி உப்பிச் செதில் தூக்கும், ஏற்கனவே வெடிச்ச நுனி இன்னும் கிழியும். மேல வினிகர் ஊத்தினா ரெண்டும் ஒண்ணையொண்ணு முறிச்சு, மிஞ்சுறது சோடியம் அசிடேட்டும் கேஸும். நுனிய ஒரு அங்குலம் வெட்டுங்க, வெடிச்சதை ஒட்டுற பண்டம் எதுவும் கிடையாது.

சோப்புப்பட்டறை:
தேங்காய்ப்பால் சோப்பு இழையில என்ன நடந்துச்சுன்னு இங்க புதுசா வந்தவங்களுக்குத் தெரியாது. அன்னைக்கும் இவங்க இப்படித்தான் எண்ணா அடுக்கினாங்க. பால் கருகும்னாங்க. பாலை ஐஸ்கட்டியா உறைய வச்சு அது மேல காஸ்டிக்க கொஞ்சம் கொஞ்சமாத் தூவினா கருகாதுன்னு படத்தோட போட்டேன். இன்னிய வரைக்கும் ஒரு வார்த்தை வரல.

வெண்மணி:
படத்துல இருந்த சோப்பு பழுப்பு நிறம்.

சோப்புப்பட்டறை:
அது லைட்டிங். மங்கல் பல்பு.

அரப்புத்தூள்:
அரப்பு பச்சைங்க. எந்த பல்புலயும் பச்சைதான்.

நடுவுநிலை:
பாட்டில்ல குலுக்கிப் பாக்கச் சொன்னேனே, யாராவது பாத்தீங்களா?

டிடிஎஸ்_தியாகு:
மீன்தொட்டிக் கடைக்குப் போன் பண்ணினேன். கேஎச் கிட் இல்லையாம், டிடிஎஸ் மீட்டர் இருக்காம். கடைக்காரருக்கே இதுதான் தெரியுது.

வெண்மணி:
கடையில இருக்கிற பொருள் வேற, தேவைப்படுற பொருள் வேற. கிட் கிடைக்கிற வரைக்கும் மழைத்தண்ணி பிடிச்சு வச்சு அதுல கடைசி அலசல் பண்ணுங்க. இடுப்பு வரைக்கும் முடின்னா மூணு லிட்டர் தாராளம். அதுல கால்சியமும் இல்ல, காரமும் பேருக்குத்தான்.

சோப்புப்பட்டறை:
மழைத்தண்ணின்னா 5 மில்லி ஊத்தினாலே பிஎச் 4க்குக் கீழ இறங்கிடும். அப்ப ஒரு மூடி போதும்னு ஆயிடுச்சில்ல?

வெண்மணி:
வீடியோவுல அந்த அம்மா போர் பைப்பைத் திறந்துதான் பக்கெட்ட நிரப்பினாங்க. இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க, பக்கெட்டோட உள்பக்கம் வெள்ளை வளையம் தெரியும்.

சோப்புப்பட்டறை:
பாத்தேன். வினிகர் மூடியும் தெரியுது. 10 மில்லி.