ஆர்க் மோடில் ஆறு அடுக்குக் குறிப்புகள்: தமிழ் கீபோர்டு, ரீஃபைல், ஒரே குறிப்பு இரண்டு இடத்தில்

ஏரிக்குறிப்பு கேட்டது:

வணக்கம். சென்னையின் நீராதாரங்கள் பற்றி வேர்டு ஃபைலில் புல்லட் போட்டுச் சேர்த்த குறிப்புகளை ஈமேக்ஸ் எடிட்டரின் ஆர்க் மோடுக்கு (ஸ்டார் குறிகளால் தலைப்புகளை அடுக்கி மடிக்கும் வசதி) மாற்றிக்கொண்டிருக்கிறேன். உபுண்டு, ஈமேக்ஸ் 29. மௌஸைத் தொடாமல் எல்லாம் நடக்க வேண்டும். இப்போது ஃபைல் இப்படி இருக்கிறது:

\* நீராதாரங்கள்
\*\* ஏரிகள்
\*\*\* செம்பரம்பாக்கம்
\*\*\*\* 2015
\*\*\*\*\* டிசம்பர்
\*\*\*\*\*\* பத்திரிகைச் செய்திகள்
\*\*\* புழல்
\*\*\*\* 2015
\*\* ஆறுகள்
\*\*\* அடையாறு
\*\*\*\* 2015

சிக்கல்கள்:

1. தமிழ்நெட்'99 லேஅவுட்டில் அடிக்கிறேன். தமிழ் ஆன் ஆகியிருக்கும்போது கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-எக்ஸ் எதுவும் வேலை செய்வதில்லை. கீழே "அன்டிஃபைண்டு" என்று வருகிறது.
2. மொழி மாற்ற ஆல்ட்-ஷிஃப்ட் வைத்திருக்கிறேன். கிளையோடு சேர்த்து உள்ளே தள்ள ஆல்ட்-ஷிஃப்ட்-வலது அம்பு அழுத்தினால் சில சமயம் கிளை நகராமல் மொழி மட்டும் மாறுகிறது.
3. ஆல்ட்-என்டரில் புதுத் தலைப்பு போட்டால், பழைய தலைப்பின் கீழ் இருந்த பத்தி புதுத் தலைப்புக்குப் போய்விடுகிறது.
4. ரீஃபைல் (கிளையை வேறு தலைப்பின் கீழ் நகர்த்தும் கட்டளை) கொடுத்தால் "நீராதாரங்கள்" ஒன்றை மட்டும்தான் காட்டுகிறது.
5. 2015 வெள்ளம் செம்பரம்பாக்கத்திலும் வர வேண்டும், அடையாற்றிலும் வர வேண்டும். காப்பி எடுத்து இரண்டு இடத்திலும் போடுவதா?

---

பெரம்பூர்_பிட்ஸ் பதில்:

முதல் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். தமிழ்நெட்'99 என்று லிஸ்டில் வருவது சிஸ்டம் அளவிலான லேஅவுட். அது ஆன் ஆனதும் கீபோர்டின் எழுத்துகளே மாறிவிடும். ஆங்கிலத்தில் சி இருக்கும் இடத்தில் ஒகரம் இருக்கிறது. நீங்கள் கண்ட்ரோலோடு அதை அழுத்தினால் ஈமேக்ஸுக்குப் போய்ச் சேருவது கண்ட்ரோல்-ஒகரம். அப்படி ஒரு கட்டளை அதற்குத் தெரியாது. பிரவுசர் மாதிரி சில அப்ளிகேஷன்கள் இந்த இடத்தில் ஆங்கில லேஅவுட்டைத் தாமாகப் பார்த்துச் சமாளித்துவிடும். ஈமேக்ஸ் அதைச் செய்யாது.

தமிழ்99-லேயே தொடர வேண்டும் என்றால்: ஐபஸ்-எம்17என் என்ற இன்புட் மெத்தட் பேக்கேஜை நிறுவி, லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். செட்டிங்ஸில் கீபோர்டு பகுதியில் இன்புட் சோர்ஸ் சேர்க்கும் இடத்தில் இப்போது "தமிழ்99, எம்17என்" என்று இன்னொன்று தெரியும். அதைச் சேர்த்து, பழைய தமிழ்நெட்'99-ஐ நீக்குங்கள். இதில் அடியில் இருப்பது ஆங்கில லேஅவுட்தான். சாதாரணமாக அடிக்கும் எழுத்துகளை மட்டும் ஐபஸ் தமிழாக்குகிறது, கண்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்து வருவதை அப்படியே விட்டுவிடுகிறது. பழையதை நீக்காமல் இரண்டையும் வைத்திருந்தால் மாற்றும்போது தவறிப்போய் அதில் விழுவீர்கள், மறுபடி அதே தொல்லை.

ஐட்ரான்ஸோ (ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிப்பது) இன்ஸ்கிரிப்ட்டோ (இந்திய மொழிகளுக்கான பொது லேஅவுட்) பழக்கம் என்றால் சிஸ்டம் பக்கமே போக வேண்டாம். ஈமேக்ஸுக்குள் கண்ட்ரோலும் பின்சாய்கோடும் அழுத்துங்கள். முதல் தடவை பெயர் கேட்கும், தமிழ்-ஐட்ரான்ஸ் அல்லது தமிழ்-இன்ஸ்கிரிப்ட் என்று ஆங்கில எழுத்தில் கொடுங்கள். பிறகு அதே கீதான் ஆன், ஆஃப் இரண்டுக்கும். கண்ட்ரோல்-எஸ் போட்டுத் தேடும்போதும் அதே கீயில் தமிழுக்கு மாறலாம்.

ஆல்ட்-ஷிஃப்ட்டைக் கட்டாயம் விடுங்கள். ஆர்க் மோடின் பாதி வேலை அந்த இரண்டு கீயோடு அம்பைச் சேர்த்துத்தான். உபுண்டுவில் மொழி மாற்ற சூப்பர்-ஸ்பேஸ்தான் இயல்பாக இருக்கும். நீங்கள் ட்வீக்ஸில் போய் மாற்றியிருப்பீர்கள், அங்கேயே டிக்கை எடுத்துவிடுங்கள். கண்ட்ரோல்-ஸ்பேஸுக்கும் மாற்றாதீர்கள், ஈமேக்ஸில் அது டெக்ஸ்டைத் தேர்ந்தெடுக்க ஆரம்பிக்கும் கீ. ஆஃபீஸில் விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே வம்பு உண்டு. அங்கே இடது ஆல்ட்-ஷிஃப்ட் மொழி மாற்றத்துக்கு இயல்பாகவே ஒதுக்கப்பட்டிருக்கும். அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸில் இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ் என்ற இடத்தில் "நாட் அசைன்டு" கொடுத்தால் போதும்.

---

மூணுஸ்டார் பதில்:

3-வதுக்குச் சொல்றேங்க. ஆல்ட்-என்டர் கர்சர் எங்க நிக்குதோ அங்கேயே புதுத் தலைப்பு போடும். தலைப்பு வரியோட கடைசியில நிக்கறீங்க, கிளை விரிஞ்சிருக்கு. அப்ப புதுத் தலைப்பு பழைய தலைப்புக்கும் அதோட பத்திக்கும் நடுவுல உக்காந்துடும். ஆர்க் மோடுக்கு ஒரு பத்தி யாருக்குச் சொந்தம்னா, அதுக்கு மேல கடைசியா வந்த ஸ்டார் வரிக்குத்தான். அதனால பத்தி கை மாறிடுது. தலைப்போட நடுவுல நின்னு அழுத்தினா இன்னும் மோசம், தலைப்பே ரெண்டா உடையும்.

கண்ட்ரோல்-என்டர் பழகிக்கங்க. எங்க நின்னு அழுத்தினாலும் இப்ப இருக்கற கிளை முழுசும் முடிஞ்ச பிறகு, அதே அடுக்குல புதுசு போடும். கிளை மடிச்சிருந்தா மட்டும் வரி கடைசியில, மூணு புள்ளிக்குப் பின்னாடி நின்னு ஆல்ட்-என்டர் போட்டாலும் சரியா வரும்.

அம்புக்கும் ஒரு கணக்கு இருக்கு. ஷிஃப்ட் இல்லாம ஆல்ட்-வலது அழுத்தினா அந்தத் தலைப்பு மட்டும் ஒரு அடுக்கு உள்ள போகும், பிள்ளைங்க இருந்த இடத்துலயே நிக்கும். ஷிஃப்டோட அழுத்தினா குடும்பமே நகரும். "புழல்"ல நின்னு ஷிஃப்ட் இல்லாம ஆல்ட்-வலது கொடுத்துப் பாருங்க: அது நாலு ஸ்டாருக்கு வந்து செம்பரம்பாக்கத்துக்குப் பிள்ளையாயிடும், அதுக்குக் கீழ இருந்த 2015-ம் நாலு ஸ்டார்லயே நிக்கறதால புழலுக்குத் தம்பியாயிடும். பெரிய ஃபைல்ல இது கண்ணுல படாது. மேல கீழ நகர்த்த ஆல்ட்-மேல், ஆல்ட்-கீழ். அது எப்பவுமே கிளையோடதான் போகும்.

மடிக்கறதுக்கு டேப். முதல் தடவை பிள்ளைங்க மட்டும், ரெண்டாவது தடவை எல்லாம், மூணாவது தடவை திரும்ப மடிப்பு. ஷிஃப்ட்-டேப் முழு ஃபைலுக்கும். இந்த ஒரு கீ சுழற்சிக்காகவே ஆர்க் பிறந்ததுன்னு சொல்லலாம். ஈமேக்ஸோட பழைய அவுட்லைன் மோடுல மடிக்க விரிக்க படற பாடு பொறுக்காமத்தான் கார்ஸ்டன் டொமினிக் 2003-ல இதை ஆரம்பிச்சார். அவர் வானியல்காரர், புரோகிராமிங் அவர் தொழில் இல்ல.

ஒரு எச்சரிக்கை. மடிச்ச தலைப்போட ஆரம்பத்துல நின்னு கண்ட்ரோல்-கே அழுத்தினா உள்ள இருக்கற முழுக் கிளையும் போயிடும், திரையில ஒரு வரி போன மாதிரிதான் தெரியும். ஆர்க்-கண்ட்ரோல்-கே-ப்ரொடெக்ட்-சப்ட்ரீ (ctrl-ன்னு சுருக்கித்தான் இருக்கும்)னு ஒரு செட்டிங் இருக்கு, அதை ஆன் பண்ணிட்டா கேட்டுட்டுத்தான் அழிக்கும்.

---

கிண்டி_எக்ஸ்பிரஸ் பதில்:

ஒரே குறிப்பு ரெண்டு இடத்துல வேணும்னா ஒர்க்ஃபிளோயின்னு ஒரு அவுட்லைன் ஆப் இருக்கு, பாருங்க பிரதர். ரெண்டு திறப்பு அடைப்புக்குறி அடிச்சா மிரர் வைக்கலாம், ஒரு இடத்துல திருத்தினா இன்னொரு இடத்துலயும் மாறும். டேப், ஷிஃப்ட்-டேப் தவிர பெருசா ஒண்ணும் கத்துக்க வேண்டாம்.

---

தரமணி_ட்ரீ பதில்:

மிரர் விஷயத்தில் மேலே சொன்னது சரி, ஆர்க் மோடில் அப்படி ஒன்று கிடையாது. ஆனால் இங்கே மிரர் தேவைப்படுவதே அமைப்பு தவறாக இருப்பதால்தான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு ஏரிக்கும் ஆற்றுக்கும் கீழே 2015 வருகிறது. ஒரே சொல் பல கிளைகளில் திரும்பத் திரும்பத் தலைப்பாக வந்தால், அது டேகாகவோ (தலைப்போடு ஒட்டும் அடையாளச் சொல்) தனிக் கிளையாகவோ இருக்க வேண்டியது. மூன்று, அதிகம் போனால் நான்கு அடுக்கில் நிறுத்துங்கள்.

"ஏரிகள்", "ஆறுகள்" இரண்டுக்கும் பக்கத்தில் "நிகழ்வுகள்" என்று இரண்டு ஸ்டாரில் ஒன்று வையுங்கள். அதன் கீழ் "2015 டிசம்பர் வெள்ளம்". செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில்தான் இறங்குகிறது. அந்தத் தொடர்பு முழுவதும் இந்த ஓரிடத்தில் இருக்கட்டும். தலைப்பில் நின்று கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-க்யூ அழுத்தி செம்பரம்பாக்கம், அடையாறு என்று இரண்டு டேகும் கொடுங்கள். டேகில் இடைவெளியோ ஹைஃபனோ கூடாது. கொசஸ்தலை-ஆறு என்று போட்டால் அது டேகாகவே எடுபடாது, தலைப்பின் ஒரு பகுதியாகிவிடும். அடிக்கோடு போடலாம். பிறகு கண்ட்ரோல்-சி, சாய்கோடு, எம் அழுத்தி டேகைக் கொடுத்தால், அந்த டேக் உள்ள தலைப்புகள் மட்டும் விரிந்து மற்றவை மடிந்து நிற்கும்.

ஏரிக்குக் கீழிருந்து நிகழ்வுக்கு லிங்க் வைக்க நினைத்தால் தலைப்பின் பெயரை வைத்து லிங்க் போடாதீர்கள், பெயரைத் திருத்திய அன்றே அறுந்துவிடும். நிகழ்வில் நின்று ஆல்ட்-எக்ஸ், ஆர்க்-ஐடி-கெட்-க்ரியேட் கொடுத்தால் அதற்கு ஓர் ஐடி உண்டாகும். ஆர்க்-ஐடி-லிங்க்-டு-ஆர்க்-யூஸ்-ஐடி என்பதையும் ஆன் செய்துவிட்டு, ஆர்க்-ஸ்டோர்-லிங்க்கில் எடுத்து, வேண்டிய இடத்தில் கண்ட்ரோல்-சி கண்ட்ரோல்-எல் கொடுத்துப் பதியுங்கள். தலைப்பு வேறு ஃபைலுக்குப் போனாலும் லிங்க் கூடவே போகும்.

இனி ரீஃபைல். அது முதல் அடுக்கை மட்டும் காட்டுவது பிழை இல்லை, ஆர்க்-ரீஃபைல்-டார்கெட்ஸ் காலியாக இருந்தால் அப்படித்தான். ஆல்ட்-எக்ஸ், கஸ்டமைஸ்-வேரியபிள் போய் அதில் கரன்ட் பஃபர் (இப்போது திறந்திருக்கும் ஃபைல்) ஒரு வரி, அஜெண்டா ஃபைல்ஸ் (ஆர்க் அஜெண்டாவில் சேர்த்த ஃபைல்கள்) ஒரு வரி சேர்த்து, இரண்டுக்கும் மேக்ஸ் லெவல் 3 கொடுங்கள். அதோடு இரண்டு செட்டிங்குகள் சேர்ந்தே வர வேண்டும்: ஆர்க்-ரீஃபைல்-யூஸ்-அவுட்லைன்-பாத் ஆன், ஆர்க்-அவுட்லைன்-பாத்-கம்ப்ளீட்-இன்-ஸ்டெப்ஸ் ஆஃப். முதலாவது இல்லாவிட்டால் வெறும் தலைப்பை மட்டும் காட்டும், அது எந்தக் கிளையின் கீழ் இருக்கிறது என்று தெரியாது. இரண்டாவதை விட்டுவிட்டால் வெர்டிகோ, ஐவி மாதிரி தேர்வு லிஸ்ட் காட்டும் பேக்கேஜ் வைத்திருப்பவர்களுக்கு லிஸ்ட் முதல் அடுக்கோடு நின்றுவிடும்.

கண்ட்ரோல்-சி கண்ட்ரோல்-டபிள்யூ கொடுத்தால் கிளை போய், தேர்ந்தெடுத்த தலைப்பின் கடைசிப் பிள்ளையாக உட்காரும். முன்னால் கண்ட்ரோல்-யூ சேர்த்தால் எதையும் நகர்த்தாமல் அந்த இடத்துக்குத் தாவும்; நான்கைந்து ஃபைல் சேர்ந்த பிறகு ரீஃபைலை விட இந்தத் தாவலுக்குத்தான் அதிகம் பயன்படுகிறது. வேறு ஃபைலுக்கு நகர்த்தினால் இரண்டு ஃபைலும் சேவ் ஆகாத நிலையில் நிற்கும். பழைய ஃபைலை மட்டும் சேவ் செய்து மூடினால் கிளை இரண்டிலும் இருக்காது. கண்ட்ரோல்-எக்ஸ் எஸ் அழுத்தினால் ஒவ்வொரு ஃபைலாகக் கேட்டுச் சேவ் செய்யும்.

---

ஏரிக்குறிப்பு:

ரொம்ப நன்றி எல்லோருக்கும். எம்17என் மாற்றியதும் கண்ட்ரோல் கீகள் சரியாகிவிட்டன. நிகழ்வுகளைத் தனியே பிரித்துவிட்டேன், நான்கு அடுக்கில் முடிகிறது.

இன்னும் இரண்டு. ஒவ்வொரு ஏரிக்கும் கொள்ளளவை ப்ராப்பர்ட்டியாகப் (தலைப்போடு சேர்க்கும் பெயரும் மதிப்பும்) போட்டு காலம் வியூவில் (தலைப்புகளை அட்டவணையாகக் காட்டுவது) கூட்டல் வைத்தேன்: பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, எல்லாம் மில்லியன் கன அடி. "ஏரிகள்" வரியில் மொத்தம் 10 என்று வருகிறது! அடுத்தது, ஏரியாக்களை அகரவரிசையில் அடுக்கினால் அமைந்தகரைக்குப் பிறகு அம்பத்தூர் வருகிறது.

---

தரமணி_ட்ரீ பதில்:

10 வருவது காற்புள்ளியால். எண்ணைப் படிக்கும்போது காற்புள்ளி வந்ததும் ஈமேக்ஸ் நிறுத்திவிடும். 3, 1, 3, 3 கூட்டினால் 10 தானே. ப்ராப்பர்ட்டியில் 3645 என்று மட்டும் எழுதுங்கள், அலகையும் மதிப்போடு ஒட்டாமல் ப்ராப்பர்ட்டியின் பெயரில் வையுங்கள். மொத்தம் 11257 வரும். கண்ட்ரோல்-சி கண்ட்ரோல்-எக்ஸ் பி வழியாகவே ப்ராப்பர்ட்டி போடுங்கள்; கையால் அடித்து, தலைப்புக்கும் ப்ராப்பர்ட்டி பெட்டிக்கும் நடுவில் ஒரு வரி டெக்ஸ்ட் வந்துவிட்டால் அது சாதாரணப் பத்தியாகிவிடும். ஃபைலின் தலையில் இருக்கும் காலம்ஸ் வரியைத் திருத்தினால் அந்த வரியிலேயே நின்று கண்ட்ரோல்-சி கண்ட்ரோல்-சி கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய அமைப்பையே காட்டிக்கொண்டிருக்கும்.

---

மூணுஸ்டார் பதில்:

அகரவரிசை தப்பா வர்றதுக்குக் காரணம் யூனிகோடு எண் வரிசைங்க. அதுல புள்ளிக்கு எண் ஐகாரக் குறியை விடப் பெருசு. அதனால "மை"க்குப் பிறகுதான் "ம்", அகராதியில அப்படியே தலைகீழ். இது மட்டும் இல்ல, ன-வுக்கு ந-வுக்கு அடுத்த எண், ற-வுக்கு ர-வுக்கு அடுத்த எண், ழ வந்து வ-வுக்கு முன்னாடி. லோக்கேல் (சிஸ்டத்தோட மொழி செட்டிங்) மாத்திப் பாத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரே மட்டத்துல முப்பது நாப்பது தலைப்புதான் இருக்கும்னா, முன்னாடி 1, 2, 3 எண் போட்டுட்டு, மேல இருக்கற தலைப்புல நின்னு கண்ட்ரோல்-சி அழுத்தி ^ குறி, பிறகு எண் வரிசைக்கு என். நடுவுல புதுசு நுழைக்கணும்னா 2.5னு போட்டாலும் எடுத்துக்கும். லிங்க் எல்லாம் ஐடியில இருக்கறதால எண் மாத்தினா ஒண்ணும் அறுந்து போகாது.