எஃப்டி8: வாட்டர்ஃபால்ல கோடு தெரியுது, டிகோட் ஆக மாட்டேங்குது

திருநகர்_டைபோல்:
அண்ணன்மாரே ஒரு சந்தேகம். திருநகர்ல மொட்டமாடியில 40 மீட்டர் பேண்டுக்கு டைபோல் ஆன்டெனா கட்டி 7.074 மெகாஹெர்ட்ஸ்ல எஃப்டி8 (கம்ப்யூட்டர் வழியா குட்டிச் செய்தி அனுப்புற ஹாம் ரேடியோ முறை) கேக்குறேன். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் ஓடுனா ஒரே உர்ர்ருனு இரைச்சல், அதனால ரிக்ல (ரேடியோ செட்டுல) நாய்ஸ் ரிடக்‌ஷன் ஃபுல்லா வச்சு 500 ஹெர்ட்ஸ் ஃபில்டரும் போட்டிருக்கேன், காதுக்கு சுத்தமாத்தான் இருக்கு ஆனா வாட்டர்ஃபால்ல (சிக்னலக் காட்டுற திரையில) கோடு கோடா தெரியிற ஸ்டேஷன்ல ஒண்ணு ரெண்டுதான் டிகோட் ஆகி எழுத்தா வருது. கம்ப்யூட்டர்ல தனியா ஆடியோ ஃபில்டர் ஏதாச்சும் போடணுமா?

மேலூர்க்காரன்:
தம்பி, இருக்கிற ஃபில்டர மொத எடுங்க. நாய்ஸ் ரிடக்‌ஷன் மனுசக் காதுக்குன்னு செஞ்சது. எஃப்டி8ல 6.25 ஹெர்ட்ஸ் இடைவெளியில 8 டோன், மொத்தமே 50 ஹெர்ட்ஸ் அகலம், ஒவ்வொரு டோனும் 0.16 செகண்டுதான். எந்த டோன்ல எவ்வளவு பவர்னு கணக்குப் பாத்து, இரைச்சலுக்குள்ள -20 டிபில முங்கிக் கெடந்தாலும் டிகோடர் தோண்டி எடுத்துரும். நடுவுல நாய்ஸ் ரிடக்‌ஷன் புகுந்து லேசான டோனையும் இரைச்சல்னு நெனச்சு வழிச்சுப் போட்ருது, கரும்புச் சாறு போயி சக்கையத்தான் சாஃப்ட்வேருக்குக் குடுக்குறீங்க. விண்டோஸ்ல மைக்குக்குப் போட்டிருக்கிற என்ஹான்ஸ்மென்ட்டையும் ஆஃப் பண்ணுங்க, அது அதுபாட்டுக்கு வேலை பாத்துட்டிருக்கும். சிக்னல் இல்லாதப்ப லெவல் மீட்டர் 30 டிபி கிட்ட நின்னா போதும்.

கம்பி_கட்டி:
டைம யாரும் கேக்கலயே? சாஃப்ட்வேர்ல டிடி (நேர வித்தியாசம்) காலம்ல என்ன காட்டுது? 15 செகண்டு ஸ்லாட்டுய்யா, கம்ப்யூட்டர் கடிகாரம் ரெண்டு மூணு செகண்டு தள்ளிப் போச்சுன்னா கோடு பளிச்சுனு தெரியும் டிகோட் ஆகாது. அப்பறம் ஃபில்டரே வேணாங்கிறத நான் ஒத்துக்க மாட்டேன். பக்கத்து ஊர்க்காரர் பெரிய பவர்ல வந்து ஏஜிசி (ரேடியோ தானா சத்தத்தக் கூட்டிக் கொறைக்கிறது) அமுக்குனா மத்தது எல்லாம் அடங்கிரும், அப்ப ரிக்ல ஃபில்டர குறுக்கித்தான் ஆகணும். கம்ப்யூட்டர்ல போட்டா பிரயோசனம் இல்ல, ஏஜிசி அமுக்குனதுக்கு அப்பறம்தான ஆடியோவே வெளிய வருது.

மேலூர்க்காரன்:
அது சரிதான், ஆனா தம்பிக்கு அந்தப் பிரச்சன இல்லியே. சும்மா இருக்கையில ஃபில்டர 3000 ஹெர்ட்ஸ் வரைக்கும் தெறந்து வைங்க, அத்தனையும் ஒரே நேரத்துல டிகோட் ஆகும்.

திருநகர்_டைபோல்:
டிடி 0.3தான் காட்டுது. ரெண்டையும் ஆஃப் பண்ணதும் லிஸ்ட் ஓட ஆரம்பிச்சிருச்சுண்ணே, இந்தோனேசியா ஜப்பான்லாம் வருது!! இன்வெர்ட்டர் இரைச்சல் மட்டும் அப்படியே இருக்கு.

கம்பி_கட்டி:
அது ஃபில்டர்ல தீராது. ஃபெரைட் வளையம் வாங்கி டைபோல்ல ஃபீட் பாயின்ட்டு (கேபிள் வந்து சேர்ற எடம்) கிட்ட கோஆக்ஸ் கேபிள அதுல பத்துப் பன்னெண்டு சுத்து சுத்துங்க. பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட நைசா பேசி இன்வெர்ட்டர் வயர்லயும் ஒண்ணு மாட்டிருங்க, டீ வாங்கிக் குடுத்துட்டுக் கேளுங்க.