ஜெபிக்கவும் முடியாத நிலையில் விசுவாசம் என்று எதைச் சொல்வது?

கேள்வி: மார்த்தாண்டம் பகுதிச் சகோதரி

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். நாங்கள் மார்த்தாண்டத்திற்கு அருகில் ஒரு கிராமத்தில் வசிக்கும் சி.எஸ்.ஐ. சபைக் குடும்பத்தினர். 2017-ஆம் ஆண்டு ஒக்கிப் புயலில் எங்கள் ரப்பர் மரங்களில் பெரும்பாலானவை வேரோடு சாய்ந்துவிட்டன. மறுபடியும் நட்ட கன்றுகள் பால்வெட்டும் பருவத்திற்கு வர ஏழு ஆண்டுகள் ஆகும் என்பதால், அதுவரை என் கணவர் பிறருடைய தோட்டங்களில் பால்வெட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றினார். மரங்கள் வெட்டுக்கு வந்த சமயத்தில் அவர் பக்கவாதத்தில் விழுந்துவிட்டார். வலது கையும் காலும் அசைவதில்லை, பேச்சும் குழறுகிறது.

பார்க்க வரும் சபையாரில் சிலர், வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது என்கிறார்கள். முழு விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று ஒருவர் கேட்டார். அதன் பிறகு மூன்று நாட்கள் நான் மாத்திரை கொடுக்காமல் இருந்தேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். இப்போது முழங்கால்படியிட்டால் எனக்கு வார்த்தை வருவதில்லை. வந்தாலும் ‘ஏன்’ என்ற ஒரே வார்த்தைதான் வருகிறது. இதற்குப் பெயர் அவிசுவாசமா?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாடி

சகோதரி, முதலில் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் பக்கவாதம் மீண்டும் தாக்கக்கூடும். மூன்று நாட்கள் விட்டுப்போனதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மருந்து விசுவாசத்திற்கு விரோதமானது என்றால், லண்டன் மிஷனரிகள் 1838-ஆம் ஆண்டிலேயே நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கியிருக்க மாட்டார்கள். நம் முன்னோர் வேதாகமத்தையும் மருந்துப் புட்டியையும் ஒரே கைகளிலிருந்துதான் பெற்றுக்கொண்டார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேதாகமத்தில் உடைமைகளையும் பிள்ளைகளையும் உடல்நலத்தையும் இழந்த யோபுவின் பொறுமையைப் பற்றிப் பிரசங்கிப்பவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டு அதிகாரங்களைச் சொல்லிவிட்டு, நேரே நாற்பத்திரண்டாம் அதிகாரத்திற்குத் தாவிவிடுகிறார்கள். மூன்றாம் அதிகாரத்தில் அவர் தாம் பிறந்த நாளையே சபிக்கிறார் என்பதும், அதன் பிறகு அதிகாரம் அதிகாரமாகத் தேவனிடமே வழக்காடுகிறார் என்பதும் ஏனோ பிரசங்கபீடத்திற்கு வந்து சேர்வதில்லை. எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் மூன்று நண்பர்களும், உங்கள் வீட்டிற்கு வந்தவர்கள் சொன்னதையே, அதாவது பாவம் செய்தாய், ஆகவே அனுபவிக்கிறாய் என்பதையே, அழகான வார்த்தைகளில் சொல்கிறார்கள். ஆனால் முடிவில் தேவனுடைய கோபம் அவர்கள்மேல்தான் மூளுகிறது. தம்முடைய தாசனாகிய யோபுவைப்போல அவர்கள் தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தர் சொல்கிறார். நான் பலமுறை வாசித்துப் பார்த்திருக்கிறேன்: அந்த நண்பர்கள் தேவனைப் பற்றி ஓயாமல் பேசுகிறார்களே தவிர, தேவனிடத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. பேசுகிறவர் யோபு ஒருவரே. ஆகையால், உங்கள் வாயில் வருகிற ‘ஏன்’ என்பதை நான் ஜெபம் என்றே கருதுகிறேன். சிலுவையில் நம்முடைய ஆண்டவரின் வாயிலும் அந்த ‘ஏன்’ வந்தது.

இயலுமானால் 88-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பலவும் கடைசியில் துதியில் வந்து முடியும். இது அப்படி முடிவதில்லை.

பதில்: தக்கலைச் சகோதரர்

நானும் பிழைக்கமாட்டேன் என்று கைவிடப்பட்டு, ஜெபத்தினால் எழுந்தவன். இது என்னுடைய சாட்சி. சந்தேகத்தை அகற்றிவிட்டு முழுமனதோடு கேட்டால் நிச்சயம் கிடைக்கும். கிடைக்கவில்லையென்றால் குறை நம்மிடத்தில்தான் இருக்கிறது.

பதில்: தூத்தூர் கடற்கரையிலிருந்து ஒருவர்

தக்கலை அண்ணன் பிழைத்ததற்காக நான் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் அவருடைய கடைசி வாக்கியத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. ஒக்கிப் புயல் நாட்களில் ஆழ்கடலில் இருந்தவர்களுக்காக எங்கள் கோயில்களில் இரவும் பகலும் மன்றாடினோம். சில படகுகள் திரும்பின; என் தம்பி சென்ற படகு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. திரும்பி வந்தவர்களின் வீடுகளில் விசுவாசம் மிகுதியாகவும் எங்கள் வீட்டில் குறைவாகவும் இருந்தது என்று யாராவது என் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

ஆசிரியர் யோபுவைக் குறிப்பிட்டதால் எங்கள் புனித தேவசகாயத்தையும் நினைத்துக்கொண்டேன். 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, அடுத்தடுத்து நேர்ந்த இழப்புகளால் மனம் உடைந்திருந்தபோது, 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படையில் பணியாற்றிய டச்சுப் படை அதிகாரி டிலனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றைத்தான் எடுத்துச் சொன்னார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதன் பிறகாவது துன்பம் நீங்கியதா? 1749-இல் கைது செய்யப்பட்டு, எருமைமேல் ஏற்றி ஊர்வலம் விடப்பட்டு, சாட்டையடியும் பிற வதைகளும் பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். யோபுவுக்கு இழந்தவை இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்தன. யோபுவின் கதையைக் கேட்டு வந்தவரோ மிஞ்சியிருந்ததையும் இழந்தார். 2022-இல் அவரைப் புனிதர் என்று அறிவித்த திருச்சபை, அவருடைய விசுவாசத்தில் குறை இருந்தது என்று சொல்லவில்லை.

என் அம்மா ஓராண்டுக்கும் மேலாகக் கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. எங்கள் அன்பியத்துப் (பங்கிலுள்ள அக்கம்பக்கக் குடும்பங்களின் ஜெபக் குழு) பெண்கள் அவரை அழைக்கவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. மாலைதோறும் எங்கள் திண்ணையில் அமர்ந்து செபமாலை சொல்லிவிட்டுப் போவார்கள். அம்மா உள்ளே சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்களே, அங்கே இயேசு ‘அவர்களுடைய’ விசுவாசத்தைக் கண்டார் என்றுதான் எழுதியிருக்கிறது. படுத்திருந்தவனிடம் உனக்கு விசுவாசம் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. அக்கா, உங்களால் இப்போது இயலாவிட்டால் சிறிது காலம் நாங்கள் சுமக்கிறோம். அம்மா இன்று கோயிலுக்குப் போகிறார். ஆனால் வாசற்கதவுக்கு இரவில் இன்னமும் தாழ்ப்பாள் போடுவதில்லை.

கேள்வி கேட்ட சகோதரி

அனைவருக்கும் நன்றி. மருத்துவரிடம் சொல்லிவிட்டேன், திட்டினார், மாத்திரையைத் தொடரச் சொன்னார். நேற்று இரவு 88-ஆம் சங்கீதத்தை என் கணவரின் கட்டிலருகில் அமர்ந்து சத்தமாக வாசித்தேன். முடித்ததும், இன்னொரு முறை வாசிக்கும்படி இடது கையால் சைகை காட்டினார்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபக் குழுவினர் மறுபடியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வரவேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. வந்தால் அதே பேச்சுத்தான். என்ன செய்வது?

மயிலாடி ஆசிரியர்

வரட்டும், காப்பி கொடுங்கள். யோபுவின் நண்பர்கள் வந்தவுடன் ஏழு நாட்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள்; அதுவரை அவர்கள் செய்தது சரிதான். அந்தப் பகுதியை (யோபு 2:13) அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள்.