மலை இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கிங்: டீசல் கார் பற்றி ஓர் ஐயம்

நண்பர்களுக்கு வணக்கம். வால்பாறையிலிருந்து ஆழியாறு நோக்கி 40 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரில் இறங்கும்போது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே என் பெட்ரோல் காரின் திரையில் உடனடி மைலேஜ் உச்ச அளவுக்குப் போய் அப்படியே நின்றுவிடுகிறது. இன்ஜெக்‌ஷன் உள்ள எஞ்சினைச் சக்கரங்களே சுழற்றும் அந்த நேரத்தில் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் மூடிக்கொள்ளும் என்பதும், சுழற்சி ஐடிலிங் வேகத்தை (கார் நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) நெருங்கும்போதுதான் அவை மீண்டும் திறக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்பது (என் மாமா இன்றும் விடாமல் சொல்வது) இன்ஜெக்டர்களுக்கு முந்தைய கார்புரேட்டர் காலத்துக் கணக்கு, பிரேக்குக்கும் ஆபத்து.

என் ஐயம் டீசலைப் பற்றியது. பெட்ரோல் எஞ்சினைப் போலக் காற்றை மறித்து வெற்றிடம் உண்டாக்கும் அமைப்பு அதில் இல்லாததால் எஞ்சினே காரின் வேகத்தை இழுத்துப் பிடிக்கும் எஞ்சின் பிரேக்கிங் குறைவு. அண்ணனின் டீசல் காரில் அதே கியரில் இறங்கியபோது பிரேக்கை அடிக்கடி மிதிக்க நேர்ந்து, அடிவாரத்தில் கருகல் வாடையே வந்துவிட்டது. முதல் கியருக்கு மாற்றி, சுழற்சி நிமிடத்துக்கு 3,000-ஐத் தாண்டினாலும் டீசல் செலவு கூடாது என்று கொள்ளலாமா? ஓபிடி கருவி (எஞ்சின் கணினியின் தகவல்களைக் காட்டுவது) பொருத்தி இறக்கத்தில் இன்ஜெக்‌ஷன் அளவைப் பார்த்தவர்கள், எந்த எஞ்சின், எந்த கியர் என்ற விவரத்துடன் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.