புதுப்பிப்பு: டி அண்ட் சிக்குப் பிறகு தீட்டு குறைந்தது, ஆஷர்மன்தான் (கருப்பைச் சுவர்கள் தழும்பால் ஒட்டிக்கொள்வது)

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேட்டிருந்தேனே: கரு கலைந்து டி அண்ட் சி (கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) செய்தபின் தீட்டு ஒருநாள் கறையோடு நின்றுவிடுகிறது, வயிறு மட்டும் இழுக்கிறது, ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று. பதில் சொன்னவர்களுக்கு நன்றி. "ஸ்கேனோட விட்டுடாதீங்க, ஹிஸ்டரோஸ்கோபி (கருப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) கேளுங்க" என்ற அக்கா சொன்னதுதான் சரி.

கோயமுத்தூரில் பார்த்தார்கள். கருப்பையின் முன்சுவரும் பின்சுவரும் தழும்பால் ஒட்டியிருந்தன. அதே மயக்கத்தில், கேமராவில் பார்த்தபடி சின்னக் கத்தரியால் பிரித்துவிட்டார்கள். திரும்ப ஒட்டாமலிருக்க உள்ளே பலூன், 7 நாள். கூடவே ஈஸ்ட்ரோஜன் மாத்திரை. வலி பரவாயில்லை. ஊர் திரும்பும் வழியில் வேலந்தாவளம் தாண்டி பஸ் குலுங்கினபோதுதான் பலூன் ஞாபகம் வந்தது!

எதிர்பாராதது: 2 மாதம் கழித்துப் பார்த்தால் ஒரு ஓரம் லேசாக மறுபடி ஒட்டியிருந்தது. அதையும் எடுத்தார்கள். மறுபரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். இந்த மாதம் 4 நாள் தீட்டு.