பண்ருட்டி பக்கத்து மகளிர் குழுவுக்கு வங்கிக் கடன்: வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். அம்மா இருக்குற மகளிர் குழுவுக்கு நான்தான் கணக்கு நோட்டு எழுதுறேன். 12 பேர், எல்லாரும் முந்திரிக்கொட்டை உடைக்கிறவங்க. கொட்டைப் பால் பட்டுப் பட்டு விரல் தோல் கருத்து உரிஞ்சு கிடக்கும். கைரேகை மெஷின்ல விரல் வச்சா பல நேரம் எடுக்கவே எடுக்காது.

மூணு வருஷமா சந்தா தவறல, குழுவுக்குள்ளயே கொடுத்த உள்கடன் எல்லாம் திரும்பி வந்துடுச்சு. சொந்தமா கொட்டை வாங்கி உடைச்சு விக்கலாம்னு வங்கியில 5 லட்சம் கேட்டோம். உறுப்பினர் ஒருத்தங்க வீட்டுக்காரர் அதே கிளையில பழைய பாக்கி வச்சிருக்காராம், அதனால முடியாதுன்னாங்க. குழு சேமிப்பை அடமானமா வைக்கணும்னும் சொன்னாங்க.

ரிசர்வ் வங்கி விதியே வேற. குழுக் கடனுக்கு 10 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது, சேமிப்புக் கணக்கைப் பிடிச்சு வைக்கவும் கூடாது. உறுப்பினர் குடும்பத்துல பாக்கி இருந்தாலும், குழு ஒழுங்கா கட்டியிருந்தா பொதுவா அதைத் தடையா எடுத்துக்கக் கூடாது. (பாக்கி வச்ச உறுப்பினருக்கு மட்டும் அந்தப் பணத்துல பங்கு தர முடியாது. அது நியாயம்தான்.)

இப்ப பாதிப் பேர் வாரத் தவணைக் கடன் பக்கம் போகப் பாக்குறாங்க. அதை நினைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரல.

கடலூர் மாவட்டத்துல இப்படி மறுத்து, பிறகு கடன் வாங்கின குழு இருக்கீங்களா? மகளிர் திட்ட அலுவலகத்துல முதல்ல சொல்லணுமா, நேரா முன்னோடி வங்கி மேலாளருக்கு (மாவட்டத்து வங்கிகளை எல்லாம் ஒருங்கிணைக்கிறவர்) எழுதலாமா? மறுப்பை எழுத்துல எப்படி வாங்குனீங்க? மனு மாதிரி இருந்தா போடுங்க. பங்குனியில புதுக் கொட்டை வந்துடும், அதுக்குள்ள பணம் கையில வேணும்.